மழை வரும் என்று மாடல் சொன்னால் ஏரியைத் திறந்துவிடலாமா?

2015 டிசம்பர் 1 அன்று செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை உபரிநீர் திறக்கப்பட்டது. அந்த வேகத்தில் ஒரு முழு நாள் ஓடினால் 2.5 டி.எம்.சி. போய்விடும் (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). ஏரியின் மொத்தக் கொள்ளளவே 3.645 டி.எம்.சி.தான். அடையாற்றங்கரையில் வீடு வாசலை இழந்தவர்கள் அன்று கேட்ட கேள்வி, ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் திரும்ப வருகிறது: மழை வரும் என்று தெரியும்தானே, ரெண்டு நாள் முன்னாடியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்கக் கூடாதா? 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கையும், மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்றே அதைக் குறிப்பிட்டது.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதில் 'தெரியும்' என்பது என்ன என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. யாருக்குத் தெரியும், எவ்வளவு உறுதியாகத் தெரியும், எத்தனை மணி நேரத்துக்கு முன்னால் தெரியும்? இதற்கெல்லாம் இப்போது பதில் சொல்பவை கணினி மாடல்கள். அவற்றால் என்ன முடியும், எந்த இடத்தில் கைவிரித்துவிடும் என்பதைப் பார்த்தால் மதகு விவகாரம் கொஞ்சம் வேறு மாதிரி தெரியும்.

வெள்ள மாடல் என்று ஒற்றைப் பெயரில் சொல்கிறோமே தவிர, அது வரிசையாக நிற்கும் பல கணக்குகள். எங்கே, எப்போது, எவ்வளவு மழை என்று வானிலை மாடல் சொல்லும். அந்த மழையில் எவ்வளவு மண்ணுக்குள் போகும், எவ்வளவு ஓடி வரும் என்பது இரண்டாவது கணக்கு. ஓடி வருவது ஆற்றில் எந்த உயரத்துக்கு ஏறும், எந்தத் தெருவில் நுழையும் என்பது மூன்றாவது. நடுவில் ஏரி ஒன்று இருந்தால் அதன் வரத்து, இருப்பு, வெளியேற்றம் தனிக் கணக்கு. முதல் கணக்கில் விழும் பிழை அப்படியே கீழே இறங்கி வரும், வழியில் பெருகவும் செய்யும்.

இரண்டாவது கணக்கின் அடிப்படையைப் பேனாவும் காகிதமும் வைத்தே போட்டுவிடலாம். 100 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புப் பகுதியில் 30 செ.மீ. மழை பெய்தால் மூன்று கோடி கன மீட்டர், அதாவது 1 டி.எம்.சி.க்குச் சற்று மேல். இதில் ஏரிக்கு வந்து சேர்வது எவ்வளவு என்பதுதான் சிக்கல். காய்ந்த செப்டம்பர் மாதத்தில் பெய்தால் மண் பெரும்பகுதியைக் குடித்துவிடும். 2015 நவம்பரில் மட்டும் சென்னையில் 1,049 மி.மீ. பெய்திருந்தது, 1918க்குப் பிறகு அப்படியொரு நவம்பர் இல்லை. மண்ணில் இடமில்லை, மேலே இருந்த சின்னச் சின்ன ஏரிகளெல்லாம் கலங்கல் தாண்டிக்கொண்டிருந்தன. டிசம்பர் 1 மழை விழுந்ததும் அப்படியே ஓடி வந்தது. மாடலுக்கு இந்த முன்கதையைச் சொல்லாமல் அன்றைய மழையை மட்டும் கொடுத்தால் அது பாதி வெள்ளத்தைக் காட்டிவிட்டுச் சும்மா இருக்கும்.

மூன்றாவது கணக்குக்கு நம்மிடம் பழைய மரபே உண்டு. பூண்டி நீர்த்தேக்கத்தை ஒட்டி பொதுப்பணித்துறை 1940களில் தொடங்கிய நீரியல் ஆய்வு நிலையம் இன்றும் இருக்கிறது. அணை, கலங்கல், மதகு எதுவானாலும் சிறிய அளவில் கட்டித் தண்ணீர் விட்டுப் பார்ப்பது அங்கே வழக்கம். நூற்றில் ஒரு பங்கு அளவில் ஒரு மாதிரியைக் கட்டினால், வினாடிக்கு ஒரு லட்சம் கன அடி வெள்ளத்தைக் காட்ட வினாடிக்கு ஒரே ஒரு கன அடி தண்ணீர் போதும். பத்து மணி நேர வெள்ளம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். நீர் ஓட்டத்தின் விதிகள் அப்படிச் சுருங்கிக் கொடுக்கின்றன. கணினிக்குள் இருக்கும் ஆற்றைவிட இந்தச் செங்கல் ஆறுதான் எனக்கு எப்போதும் கூடுதல் நம்பிக்கை தரும். சுழல் எங்கே விழுகிறது, கரை எங்கே அரிக்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் ஒரு மாநகரத்தையே செங்கல்லில் கட்ட முடியாது.

இப்போது அந்த வேலையைச் செய்வது ஹெக்-ராஸ் போன்ற மென்பொருள்கள். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை உருவாக்கி இலவசமாகத் தருவது. நீர்வளத்தில் எம்.இ. படித்த யாரைக் கேட்டாலும் அதோடு மல்லுக்கட்டிய கதை ஒன்று இருக்கும். ஆற்றின் குறுக்குவெட்டுகளைக் கொடுக்க வேண்டும், பாலங்களைக் கொடுக்க வேண்டும், படுகையின் சொரசொரப்பைக் குறிக்கும் மேனிங் எண்ணையும் கொடுக்க வேண்டும். சுத்தமான மண் வாய்க்காலுக்கு இந்த எண் 0.03 அளவில் இருக்கும். புதர் மண்டிய படுகைக்கு 0.1 வரை போகும். எண் ஏற ஏற நீரின் வேகம் அதே விகிதத்தில் குறையும். 0.03 இருந்த இடத்தில் 0.1 வந்தால், அதே ஆழத்தில் ஓடும் தண்ணீர் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். மிச்சம் எங்கே போகும்? மேலே ஏறும், கரை தாண்டும்.

நடைமுறையில் இந்த எண் என்பது சீமைக் கருவேலமும் ஆகாயத்தாமரையும்தான். ஆற்றைத் தூர்வாரினார்களா, எந்த மாதத்தில் வாரினார்கள், பாலத்தடியில் எவ்வளவு குப்பை அடைந்திருக்கிறது, முகத்துவாரத்தில் மணல் மேடு இருக்கிறதா என்பதை எல்லாம் கணினி தானாகப் போய்ப் பார்த்து வராது. போன ஆண்டு அளந்த ஆற்றில்தான் இந்த ஆண்டு வெள்ளத்தை ஓட்டிக்கொண்டிருக்கும். வண்ணப் படம் மட்டும் பளபளவென்று வரும்.

இருந்தாலும் மாடலால் மட்டுமே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. நடக்காததை நடத்திப் பார்ப்பது. செம்பரம்பாக்கத்தை மூன்று நாள் முன்னால் திறந்திருந்தால்? திறக்கவே இல்லை என்றால்? இதற்குப் பதில் தேடப் போனால் முதலில் வரைபடத்தைப் பார்க்க வேண்டிவரும். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர்க் கால்வாய் அடையாற்றில் சேர்வது திருநீர்மலை அருகே. முடிச்சூரும் வரதராஜபுரமும் அதற்கு மேல்புறம் இருக்கின்றன. அந்தப் பகுதிகளை மூழ்கடித்த தண்ணீருக்கும் செம்பரம்பாக்கத்துக்கும் சம்பந்தமில்லை. அது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் தண்ணீரும் அங்கேயே பெய்த மழையும். அன்றைக்குத் தாம்பரத்தில் 49 செ.மீ. பதிவானது. கீழே சைதாப்பேட்டை, கோட்டூர்புரத்தில் இரண்டு தண்ணீரும் சேர்ந்து வந்தது. எதனால் எத்தனை அடி ஏறியது என்று பிரித்துச் சொல்ல மாடலைத் தவிர வேறு வழி கிடையாது. 'ஏரியால்தான் எல்லாம்' என்பதும், 'ஏரிக்கும் வெள்ளத்துக்கும் சம்பந்தமே இல்லை' என்பதும் இரண்டுமே மேடைப் பேச்சு.

சரி, மழைக்கு வருவோம். இந்த வரிசையிலேயே வலுக்குறைந்த கண்ணி அதுதான்.

இந்திய வானிலை ஆய்வு மையத்தின் வகைப்பாட்டில் 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் போனால் அதி கனமழை. அதற்கு மேல் வகை இல்லை. 21 செ.மீ.யும் அதி கனமழை, தாம்பரத்தின் 49 செ.மீ.யும் அதி கனமழை, 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் கொட்டிய 95 செ.மீ.யும் அதே அதி கனமழைதான். குடை எடுத்துப் போகலாமா, பள்ளிக்கு விடுமுறை விடலாமா என்று முடிவெடுக்க இந்தச் சொல் போதும். எத்தனை ஷட்டரை எத்தனை அடி தூக்குவது என்று முடிவெடுக்கப் போதாது. ஏரிக்காரருக்கு வேண்டியது சொல் அல்ல, எண்.

எண்ணும் கிடைக்கிறது. 2018 முதல் இந்தியாவில் நிலப்பரப்பை 12 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஒரே நேரத்தில் 21 தடவை மாடலை ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு ஓட்டத்திலும் தொடக்க நிலை கொஞ்சம் மாற்றிக் கொடுக்கப்படும். காற்று, ஈரப்பதம், வெப்பம் எதையும் நாம் துல்லியமாக அளக்க முடியாது என்பதால், அளவீட்டில் இருக்கக்கூடிய பிழையை வேண்டுமென்றே சேர்த்து, முடிவு எவ்வளவு சிதறுகிறது என்று பார்ப்பதுதான் இதன் நோக்கம். 21இல் 18 ஓட்டங்கள் சென்னைக்குப் பெருமழை என்றால் ஒரு தைரியம். ஆறு மட்டும் சென்னை என்று காட்டி, மற்றவை நெல்லூரிலோ கடலிலோ கொட்டினால்? அப்போதுதான் சோதனை. எண்ணூர் முதல் தாம்பரம் வரை மூன்று நான்கு கட்டங்கள்தான் வரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 2025இல் வந்த பாரத் முன்கணிப்பு அமைப்பு 6 கிலோமீட்டர் கட்டத்துக்கு இறங்கியிருக்கிறது. முன்னேற்றம்தான். ஆனாலும் 2021 டிசம்பர் 30 அன்று போல, முன்னறிவிப்பே இல்லாமல் சில மணி நேரத்தில் நகரின் சில இடங்களில் 20 செ.மீ.க்கு மேல் கொட்டிய மழையை இன்றைய மாடல்கள் தவறவிடாது என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. புயல் சின்னம் உருவானால் முகநூலில் 'யூரோப்பியன் மாடல் இப்படிக் காட்டுது, ஜி.எஃப்.எஸ். அப்படிக் காட்டுது' என்று அலசும் இளைஞர்கள் தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மாடல்கள் ஒன்றோடொன்று முரண்படும், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. 'வருமா வராதா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்' என்ற பேச்சு அவர்களிடம் கிடையாது. அது ஆய்வுக் கூட்டங்களில் கேட்கும் பேச்சு.

வாய்ப்பு 30 சதவீதம் என்றால் மதகைத் திறப்பதா, வேண்டாமா? இதற்குக் கணக்கு இருக்கிறது, பெரிய கணக்கும் இல்லை. தேவையில்லாமல் திறந்துவிட்டால் வரும் நஷ்டத்தை 1 என்று வைத்துக்கொள்வோம். திறக்காமல் விட்டு வெள்ளம் வந்தால் வரும் நஷ்டம் 20 என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். அப்படியானால் வெள்ள வாய்ப்பு இருபதில் ஒரு பங்கை, அதாவது 5 சதவீதத்தைத் தாண்டினாலே திறப்பதுதான் லாபம். 30 சதவீதம் என்பது யோசிக்கவே வேண்டாத எண்.

காகிதத்தில் இவ்வளவுதான். ஆனால் அந்த 1ஐ இழப்பவரும் 20ஐ இழப்பவரும் ஒரே ஆள் இல்லை. சென்னைக்கு ஒரு டி.எம்.சி. என்பது ஏறத்தாழ ஒரு மாதக் குடிநீர். வெள்ளம் வந்து நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், நகரின் நான்கு பெரிய ஏரிகளும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. நவம்பரில் 'மழை வரும்' என்று ஒரு டி.எம்.சி.யைக் கடலுக்கு விட்டு, மழை ஆந்திரா பக்கம் போய்விட்டால், மே மாதத்தில் காலிக் குடத்தோடு நிற்பவர்களுக்கு யார் பதில் சொல்வது? திறந்த அதிகாரியின் பெயர் கோப்பில் இருக்கும். காத்திருந்து, ஏரி நிரம்பி, வேறு வழியில்லாமல் திறந்தவர் மீது அந்த அளவுக்குப் பழி விழாது. 'விதிப்படி நடந்தேன்' என்று சொல்லிவிடலாம். அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. கணினியில் நடத்திப் பார்க்கும் சிமுலேஷன் எவ்வளவு துல்லியமானாலும் இந்தக் கணக்கு மாறாது.

அதனால்தான் நடைமுறை, மழைக் கணிப்பைவிட ஏரியின் அளவுகோலையே நம்புகிறது. முழுக் கொள்ளளவு 24 அடி என்றாலும் 2015க்குப் பிறகு செம்பரம்பாக்கத்தில் 22 அடி என்பது எச்சரிக்கைக் கோடு போல ஆகிவிட்டது. 2020இல் நிவர் புயலின்போது 22 அடியைத் தொட்டதும் நவம்பர் 25 நண்பகலில் 1,000 கன அடியில் தொடங்கி, இரவுக்குள் 9,000 கன அடிக்குப் போனார்கள். எல்லாருக்கும் புரியும் விதி, நல்ல விதியும்கூட. ஆனால் மேலே இருக்கும் அந்த இரண்டடியில் தோராயமாக அரை டி.எம்.சி.க்குச் சற்று மேல்தான் பிடிக்கும். நனைந்த மண்ணில் 100 சதுர கிலோமீட்டருக்கு 20 செ.மீ. பெய்தாலே அது நிரம்பிவிடும்.

இதே சிக்கலில் நீதிமன்றம் வரை போன ஊர் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன். அங்கே இருக்கும் வைவன்ஹோ அணை 1974 வெள்ளத்துக்குப் பிறகு கட்டப்பட்டது. குடிநீருக்கு 41 டி.எம்.சி., அதற்கு மேல் வெள்ளத்தைப் பிடிப்பதற்கென்றே காலியாக வைக்கும் இடம் 51 டி.எம்.சி. நம் ஏரிகளுக்கு இப்படியொரு ஆடம்பரம் கிடையாது. அப்படியும் 2011 ஜனவரியில் நகரம் முழுகியது, ஆறு 4.46 மீட்டர் உயரம் தொட்டது. அணையை இயக்கிய பொறியாளர்கள் வானிலைக் கணிப்பை நம்பாமல், தரையில் விழுந்த மழையை மட்டும் வைத்து முடிவெடுத்தார்கள், முன்கூட்டியே அதிகம் திறந்திருக்க வேண்டும் என்று ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். வேறு மாதிரி இயக்கியிருந்தால் எந்த வீட்டில் எவ்வளவு தண்ணீர் குறைந்திருக்கும் என்று இரு தரப்பு நிபுணர்களும் சிமுலேஷன்களை ஓட்டிக் காட்டினார்கள். 2019இல் நியூ சவுத் வேல்ஸ் மாநில உச்ச நீதிமன்றம் (பெயர்தான் அப்படி, அதற்கு மேலும் மேல்முறையீடு உண்டு) பொறியாளர்கள் கவனக்குறைவாக நடந்தார்கள் என்றது. குயின்ஸ்லாந்து அரசும் சன்வாட்டர் நிறுவனமும் 44 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டன. வழக்கில் மூன்றாவது எதிர்த்தரப்பான, அணையின் உரிமையாளர் நிறுவனமான சீக்வாட்டர் மேல்முறையீடு செய்தது. 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை விடுவித்தது. சக வல்லுநர்கள் ஏற்கும் நடைமுறைக்கு மாறாக அவர்கள் நடந்ததாக நிறுவப்படவில்லை என்பது காரணம். அதே அணை, அதே மழை, அதே மாடல்கள், எதிரெதிர் தீர்ப்புகள். கணிப்பை எப்போது நம்பியே ஆக வேண்டும் என்பது முன்கூட்டியே ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதி வைக்கப்படாவிட்டால் பிறகு எந்த சிமுலேஷனும் அதைத் தீர்த்து வைக்காது என்றுதான் எனக்குப் படுகிறது.

எழுதி வைத்தவர்கள் கலிஃபோர்னியாவில் இருக்கிறார்கள். மென்டசினோ ஏரியின் இயக்கக் கையேடு 1950களின் விதி. குளிர்காலத்தில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தண்ணீர் நின்றால் வானம் தெளிவாக இருந்தாலும் திறந்துவிட வேண்டும். 2012 டிசம்பரில் அப்படியே திறந்தார்கள். அடுத்து வந்த 2013, அந்த மாநிலத்தின் கொடிய வறட்சி ஆண்டுகளில் ஒன்று. அங்கே பிரச்சினை நமக்கு நேர்த் தலைகீழ்: தேவையில்லாமல் திறந்தது. பிறகு ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனமும் ராணுவப் பொறியாளர் படையும் சேர்ந்து, 1985 முதல் 2010 வரையிலான ஆண்டுகளின் மழையை இன்றைய முன்கணிப்பு முறையில் மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். பதினைந்து நாள் கணிப்பில், குறிப்பிட்ட ஆபத்து அளவைத் தாண்டும் ஓட்டங்கள் இத்தனை சதவீதத்துக்கு மேல் போனால் மட்டும் திற, இல்லாவிட்டால் வைத்திரு என்று புது விதி. அனுமதி வாங்கி நடைமுறைப்படுத்திய 2020இல், வறண்ட ஆண்டாக இருந்தும், பழைய விதியில் தங்கியிருக்காத 11,000 ஏக்கர்-அடிக்கு மேல் தண்ணீர் கூடுதலாக நின்றது. நம் கணக்கில் கிட்டத்தட்ட அரை டி.எம்.சி. அங்கே பெருமழை கொண்டுவரும் வளிமண்டல ஆறுகளை, அதாவது வானில் நீண்ட பட்டையாக நகரும் ஈரக்காற்றை, பல நாள் முன்பே பிடித்துவிடலாம். வங்கக்கடலில் திடீரென்று வலுப்பெற்றுத் திசை மாறும் தாழ்வு மண்டலம் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அவர்களின் எண்களை அப்படியே கொண்டுவந்தால் வம்பு. விதி எழுதும் முறையைக் கொண்டுவரலாம்.

எல்லா இடத்திலும் முன்கூட்டியே திறப்பதுதான் தீர்வு என்பதும் இல்லை. 2024இல் ஃபெஞ்சல் புயலின்போது சாத்தனூர் அணையைப் பாருங்கள். ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை, டிசம்பர் 2 அதிகாலை அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வெளியேறியது. ஒரு நாளுக்கு 14.5 டி.எம்.சி. வேகம். அணையின் முழுக் கொள்ளளவே 7.3 டி.எம்.சி. முன்னதாகவே 2 டி.எம்.சி.யைக் காலி செய்து வைத்திருந்தாலும் அந்த வேகத்துக்கு மூன்றரை மணி நேரம்கூடத் தாங்காது. அங்கே மாடலின் பயன் தண்ணீரைக் குறைப்பதில் இல்லை. தென்பெண்ணைக் கரையில் விழுப்புரம், கடலூர் கிராமங்களுக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு உயரம் வரும் என்று மாலையிலேயே சொல்வதில்தான் இருந்தது. ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு, நள்ளிரவில் சொல்லாமல் திறந்தார்கள் என்றது எதிர்க்கட்சி. தூங்கிக்கொண்டிருப்பவரிடம் போய்ச் சேராத எச்சரிக்கையை ஐந்தாக எண்ணுவதா, பூஜ்யமாக எண்ணுவதா?

சென்னைக்குக் கருவிகள் இப்போது இருக்கின்றன. 2015க்குப் பிறகு மத்திய அரசின் கடலோர ஆய்வு மையமும் ஐ.ஐ.டி.களும் சேர்ந்து சி-ஃப்ளோஸ் என்ற அமைப்பை உருவாக்கின. மழை, ஏரி நிலை, கடல் அலைமட்டம் எனப் பலவிதச் சேர்க்கைகளுக்கு வெள்ளப் படங்களை முன்கூட்டியே ஓட்டிச் சேமித்து வைத்து, அன்றைய நிலைக்கு நெருக்கமானதை எடுத்துக் காட்டுவது அதன் வழி. அவசர நேரத்தில் மணிக்கணக்கில் கணினி ஓடி முடிப்பதற்காகக் காத்திருக்க வேண்டாம். மாநில அரசும் ஆரணியாறு, கொசஸ்தலையாறு, கூவம், அடையாறு, கோவளம் வடிநிலங்களுக்கு நிகழ்நேர முன்கணிப்பு ஏற்பாடுகளைச் செய்துவருகிறது.

இவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று கடல்நீர் சுத்திகரிப்பு ஆலைகள். யாரும் இதை வெள்ளத்தோடு முடிச்சுப் போடுவதில்லை. மீஞ்சூர் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், நெம்மேலியில் முதல் ஆலை 10 கோடி, 2024இல் திறந்த இரண்டாவது 15 கோடி. மொத்தத் திறன் 35 கோடி லிட்டர். பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலை தனியாக வருகிறது. இருப்பவை மட்டும் முழுத் திறனில் ஓடினால் 81 நாளில் ஒரு டி.எம்.சி. தயாராகிவிடும். பேரூரும் சேர்ந்தால் 38 நாள் போதும். அதற்கு மின்சாரச் செலவு உண்டு, அந்தச் செலவை ரூபாயில் சொல்லிவிடலாம். தேவையில்லாமல் திறந்த தண்ணீருக்கு ஈடு செய்ய முடியும் என்றாகும்போது, முன்பு போட்ட கணக்கில் அந்த 1 என்ற எண் சுருங்குகிறது. அது சுருங்கினால், திறப்பதற்கான வாய்ப்பு வரம்பையும் கீழே இறக்க வேண்டும். 2015இல் 30 சதவீத வாய்ப்புக்குத் தயங்கியதில் கொஞ்சம் நியாயம் இருந்தது என்றே வைத்துக்கொண்டாலும், 2025இல் அதே தயக்கத்துக்கு அதே நியாயம் இல்லை. எத்தனை சதவீதத்தில் திறப்பது, அதற்கு யார் கையெழுத்திடுவது, மழை பொய்த்தால் ஈடுசெய்யும் செலவை எந்தத் துறை ஏற்பது என்ற மூன்றையும் அக்டோபருக்கு முன்பே அரசாணையில் எழுதிவிட முடியும். அதற்குப் புதிய கணினி எதுவும் வாங்க வேண்டியதில்லை.